எம்.ஜி.பி.யில் கியர் விழவில்லையா? பெட்டியை இறக்கும் முன் பார்க்க வேண்டியவை

"கியரே உழுக மாட்டேங்குதுங்க, பெட்டி போயிருச்சாட்ட இருக்குது" என்பதுதான் எம்.ஜி.பி. என்ற பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்கள் முதலில் சொல்லும் வார்த்தை. பெரும்பாலும் கியர் பெட்டி நன்றாகத்தான் இருக்கும். கிளட்ச்தான் முழுதாகக் கட் ஆகியிருக்காது. 1962 முதல் 1980 வரை வந்த இந்தக் காரில் கிளட்ச் பிளேட்டைத் தொட வேண்டுமென்றாலே இன்ஜினை வெளியே எடுத்தாக வேண்டும். அதனால் வெளியில் பார்க்கக்கூடியதையெல்லாம் முதலில் பார்த்து முடியுங்கள்.

காரின் போல்ட், நட்டெல்லாம் இஞ்ச் அளவு. 7/16, 1/2, 9/16 ஸ்பேனர்கள் வேண்டும். 1/2 இஞ்ச் நட்டில் 13 மி.மீ. ஸ்பேனரைப் போட்டால் முனை மழுங்கிவிடும். அடியில் படுப்பதற்கு முன் சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, காரை ஸ்டாண்டில் நிறுத்துங்கள். ஜாக்கியை மட்டும் நம்பிப் படுக்காதீர்கள்.

முதல் சோதனை: இன்ஜினை ஆஃப் செய்துவிட்டு நான்கு கியரையும் ரிவர்ஸையும் போட்டுப் பாருங்கள். எல்லாம் லேசாக விழுந்தால் இன்ஜினை ஓட விட்டு, கிளட்சை மிதித்து ஐந்து விநாடி பொறுத்து ரிவர்ஸ் போடுங்கள். அப்போதும் கரகரவென்று அரைத்தால் கோளாறு கிளட்ச் பக்கம். ஆஃப் செய்த நிலையிலேயே லீவர் கொழகொழவென்று ஆடினாலோ கியர் இருக்கும் இடமே தெரியாமல் போனாலோ லீவர் பக்கம். ஒரு விஷயம்: 1967 வரை வந்த பெட்டியில் முதல் கியருக்கு சிங்க்ரோ, அதாவது கியர் விழும் முன் வேகத்தைச் சமப்படுத்தும் வளையம், கிடையாது. வண்டி உருளும்போது முதல் கியருக்கு இறக்கினால் அது அரைக்கத்தான் செய்யும். அதைக் கோளாறென்று நினைத்துப் பெட்டியைப் பிரித்துவிடாதீர்கள்.

கிளட்ச் பக்கம்

பெடலை இரண்டு மூன்று முறை வேகமாக மிதித்தபின் கியர் நன்றாக விழுகிறதா? கிளட்ச் ஆயில் குழாய்க்குள் ஏர் இருக்கிறது, அல்லது மாஸ்டர் சிலிண்டரின் (பெடல் மிதிக்கும்போது ஆயிலைத் தள்ளும் மேல் சிலிண்டர்) ரப்பர் கப் தேய்ந்திருக்கிறது. சிக்னலில் மிதித்தபடியே நிற்கும்போது வண்டி மெல்ல முன்னே நகர்ந்தால் அனேகமாக மாஸ்டர்தான். ஆயில் வெளியே ஒழுகாமல் கப்பைத் தாண்டி உள்ளுக்குள்ளேயே திரும்பிவிடுகிறது.

அடுத்து அடியில் போய் ஸ்லேவ் சிலிண்டரின் (அந்த ஆயில் வந்து கிளட்சைத் தள்ளும் கீழ் சிலிண்டர்) ரப்பர் உறையை விரலால் பின்னுக்குத் தள்ளிப் பாருங்கள். உள்ளே ஈரம் இருந்தால் கப் போய்விட்டது. ஈரமில்லை என்றால் ஒருவரைப் பெடலை முழுதாக மிதிக்கச் சொல்லி, தள்ளுகம்பி எவ்வளவு நகர்கிறதென்று ஸ்கேல் வைத்து அளக்கவும். ஏறக்குறைய அரை இஞ்ச், அதாவது 12, 13 மி.மீ. நகர வேண்டும். 9, 10 மி.மீ.தான் வருகிறதென்றால் கியர் அரைப்பதற்குக் காரணம் கிடைத்துவிட்டது.

அந்தக் குறை எங்கிருந்து வருகிறது? ஏர், வயதாகிப் போய் மிதிக்கும்போது உப்புகிற ரப்பர் ஹோஸ், தேய்ந்த பின்கள். மூன்றாவதைத்தான் பலரும் பார்ப்பதில்லை. பெடலையும் மாஸ்டரின் கம்பியையும் சேர்க்கும் 5/16 இஞ்ச் பின்னைக் கழற்றிக் கையில் எடுத்துப் பாருங்கள். நடுவில் கடித்த கரும்பு மாதிரி ஒரு பக்கம் குழிந்திருக்கும். பெடலின் துளையும் முட்டை வடிவமாகியிருக்கும். கோவையில் கணபதியிலோ குறிச்சி சிட்கோவிலோ எந்த லேத்துப் பட்டறையிலும் 7.94 மி.மீ.க்கு இ.என். 8 என்ற ஸ்டீல் கம்பியில் பின் கடைந்து, துளையை வெல்டு வைத்து அடைத்துத் திரும்பத் துளைத்துத் தருவார்கள். காட்டர் பின் மட்டும் புதிதாகப் போடுங்கள்.

குறுக்கு வழியாக ஸ்லேவின் கம்பியை நீளமாக்குவதில் பலனே இல்லை. பிஸ்டன் அந்த அளவுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொள்ளும், தள்ளும் தூரம் கூடாது. மாஸ்டரின் கம்பியை நீட்டினால் இன்னும் மோசம். பிஸ்டன் முழுதாகத் திரும்பாமல் ஆயில் துளை அடைபட்டு, கிளட்ச் ஸ்லிப் ஆகத் தொடங்கும்.

ஏர் எடுக்க டாட் 4 பிரேக் ஆயில் போதும். இன்ஜின் ஆயிலை ஒரு சொட்டு ஊற்றினாலும் ரப்பரெல்லாம் ஊதிவிடும். மேலிருந்து மிதித்து எடுத்தும் ஏர் போகவில்லையென்றால் ஸ்லேவில் ஏர் எடுக்கும் நிப்பிளில் குழாய் மாட்டி, சிரிஞ்சால் கீழிருந்து மேலே ஆயிலைத் தள்ளுங்கள். குமிழி தானாக மாஸ்டருக்கு ஏறிவிடும்.

லீவர் பக்கம்

லீவரின் அடி உருண்டையில் ஒரு நைலான் புஷ் இருக்கிறது. அது உடைந்தால்தான் லீவர் ஆடும், கலகலவென்று சத்தம் வரும். நியூட்ரலில் வைத்து, குமிழையும் ரப்பர் உறையையும் கழற்றி, பிடிப்புத் தகட்டின் போல்ட்டுகளை எடுத்து லீவரை மேலே தூக்குங்கள். சில மாடல்களில் சிறு ஸ்பிரிங்கும் முளையும் துள்ளி வரும், பார்த்துக்கொள்ளுங்கள். தூக்கிய கையோடு அந்த ஓட்டையில் பனியன் வேஸ்ட்டைத் திணித்துவிடுங்கள். உடைந்த புஷ்ஷின் துண்டுகளைப் பொறுக்கி, சேர்த்து வைத்து, முழு வட்டம் வருகிறதா என்று பாருங்கள். புதியதை வெந்நீரில் போட்டு எடுத்தால் கையாலேயே ஏறும். பித்தளையில் கடைந்து போடலாமா என்று கேட்பார்கள். வேண்டாம், சத்தம் லீவர் வழியாகக் கைக்கு வரும்.

குன்னூர் மலையில் இறங்கும்போது ஆக்சிலேட்டரை விட்டதும் கியர் நழுவினால் முதலில் பெட்டியின் அடியிலுள்ள ரப்பர் மவுண்ட்டுகளைப் பாருங்கள். அவை அமுங்கிப் போனால் பெட்டியே முன்பின் ஆடும், லீவர் தரைத் துளையின் விளிம்பில் இடிக்கும்.

பெட்டி ஆயில்

இதற்கு 20 டபிள்யூ 50 இன்ஜின் ஆயில்தான். கடையில் கொடுக்கிற ஜி.எல். 5 கியர் ஆயிலில் உள்ள கந்தகச் சேர்மானம் சிங்க்ரோ வளையத்தின் பித்தளையை அரிக்கக்கூடும். ஓட்டி வந்த சூட்டோடு இறக்குங்கள். பொன் பொடி மாதிரி மினுமினுப்பு கொஞ்சம் இருந்தால் பயமில்லை. காந்தத்தில் ஒட்டுகிற இரும்புச் சில்லு வந்தால் பெட்டியைத் திறக்கத்தான் வேண்டும்.

அதற்காக இன்ஜினை எடுக்கிறீர்கள் என்றால், கிராங்க் முனையில் பெட்டியின் தண்டைத் தாங்கும் சிறு புஷ்ஷையும் மாற்றிவிடுங்கள். அது இறுகினாலும் கியர் அரைக்கும். ஆயில் குடிக்கும் சின்டர்டு வெண்கலம்தான் வேண்டும், லேத்தில் கடைந்த கெட்டி வெண்கலம் அல்ல. மாட்டுவதற்கு முந்தின இரவே இன்ஜின் ஆயிலில் மூழ்க வைத்துவிடுங்கள்.