இஞ்சி டீ திரியாமல் இருக்க

ஐப்பசி மழை பிடித்தால் இஞ்சி டீதான். ஆனால் பாதி நாள் பால் திரிந்து, வடிகட்டியில் வெள்ளை வெள்ளையாகத் துணுக்கு நிற்கும். பாக்கெட் பாலைத் திட்டிப் பயனில்லை. கோளாறு, போடுகிற வரிசையில்.

பச்சை இஞ்சியில் புரதத்தை உடைக்கும் நொதி ஒன்று உண்டு. ஆறிய பாலில் இஞ்சியைப் போட்டுச் சூடேற்றினால், பால் கொதிப்பதற்குள் அது வேலையைக் காட்டிவிடும். கொதிநீரில் அதன் ஜம்பம் சாயாது.

இரண்டு பேருக்கு: 200 மி.லி. தண்ணீரில் ஓர் அங்குல இஞ்சியைத் தட்டிப் போட்டு, 4 நிமிடம் தளதளவெனக் கொதிக்கவிடுங்கள். 2 டீஸ்பூன் டஸ்ட் டீத்தூள், ஒரு நிமிடம். அதற்கு மேல் கொதித்தால் கசப்பு ஏறும். பிறகு, தனியே காய்ச்சிய சூடான பால் 200 மி.லி. ஒரே பொங்கு, இறக்கிவிடலாம்.

இத்தனைக்குப் பிறகும் திரிந்தால் வெல்லத்தைச் சந்தேகியுங்கள். புளிப்பேறிய வெல்லத்தை அடுப்பிலேயே போட்டால் பால் தாங்காது. பொடித்து டம்ளரில் வைத்து, மேலே டீயை ஊற்றுவது நல்லது. சர்க்கரைக்கு இந்தத் தொல்லை இல்லை (ருசியும் இல்லை).

சித்திரை வெயிலில் இஞ்சி வேண்டாம், இரண்டு ஏலக்காய் போதும்.