கோடைத் தக்காளி: சத்தைக் குறைக்கும் சில தவறுகள்

அக்னி நட்சத்திர நாட்களில் மாடித்தோட்டத் தக்காளி சிவக்காமல் மஞ்சளும் ஆரஞ்சுமாகவே நின்றுவிடும். சத்து போதவில்லை போல என்று ஒரு பிடி யூரியா போடுவார்கள். முதல் தவறு இதுதான். தக்காளிக்குச் சிவப்பு தருவது லைகோபீன் என்ற நிறமி. அது நன்றாக உருவாக 20 முதல் 25 டிகிரி செல்சியஸ் போதும். 30ஐத் தாண்டினால் மந்தமாகும், 32க்கு மேல் ஏறக்குறைய நின்றே போகும். பீட்டா கரோட்டின் என்ற ஆரஞ்சு நிறமி மட்டும் உருவாகிக்கொண்டிருப்பதால் அந்த ஆரஞ்சு நிறம். யூரியா போட்டால் இலைதான் தழைக்கும். நைட்ரஜன் மிஞ்சினால் பழத்தின் வைட்டமின் சியும் குறையும்.

வெயில் பட்டால்தான் பழுக்கும் என்று இலைகளைக் கிள்ளுவது இன்னொன்று. வைக்கோலுக்குள் வைத்த செங்காய் இருட்டிலேயே பழுக்கிறதே! வெளிச்சம் வைட்டமின் சியைக் கூட்டும் என்பது உண்மைதான், ஆனால் மே மாதம் நம்மிடம் இல்லாதது வெளிச்சமா? நேர் வெயில் படும் காய், சுற்றியுள்ள காற்றைவிடப் பல டிகிரி சூடாகி, அந்தப் பக்கம் வெளுத்துச் சுருங்கிவிடும். இலையை விட்டுவையுங்கள். மதிய வெயிலுக்கு மட்டும் நிழல்வலை கட்டினால் போதும். நாள் முழுக்க இருட்டடித்தால் அதுவும் கெடுதல்தான்.

அப்புறம், "செடியை வாடவிட்டால் சத்து கூடும்" என்ற பேச்சு. இது பாதி உண்மை, அதனால்தான் ஆபத்து. தக்காளியில் சுமார் 95 சதவீதம் தண்ணீர். பாசனத்தைக் குறைத்தால் காய் சிறுத்து, சர்க்கரையும் புளிப்பும் செறியும். கலிபோர்னியாவில் சாஸ் ஆலைகளுக்குப் பயிரிடுகிறவர்கள் அறுவடைக்குச் சில வாரம் முன்பே தண்ணீரைக் குறைப்பது இதற்காகத்தான். ஆனால் அது காய்கள் முற்றிய பிறகு, வேர் ஆழமாக ஓடும் நிலத்தில், படிப்படியாகச் செய்வது. ஒரு முழ ஆழப் பையில் இரண்டு நாள் காயவிட்டு, மனசு கேட்காமல் மூன்றாம் நாள் குடம் குடமாக ஊற்றினால் தோல் வெடிக்கும், காயின் அடி கறுத்து அழுகும். கால்சியம் தண்ணீரோடுதான் நகரும். தண்ணீர் தட்டுப்பாடாகும்போது கிடைப்பதை இலைகள் இழுத்துக்கொள்ளும், காய்க்குப் போகாது. பெரும்பாலும் மண்ணில் கால்சியம் இருந்தும் இப்படி ஆகிறது. அதனால் முட்டை ஓட்டைக் கொட்டிப் பயனில்லை, மூடாக்கு போட்டு (மண்மேல் வைக்கோல், காய்ந்த இலை பரப்பி) சீராகத் தண்ணீர் விட வேண்டும். இன்னொன்றையும் கணக்கில் வையுங்கள்: 100 கிராமில் சத்து கூடினாலும், செடி தரும் மொத்தக் காய் குறைந்தால் வீட்டுக்குக் கிடைப்பது குறைவுதான்.

உப்புத் தண்ணீருக்கும் இதே கதை. பழம் இனிக்கும், விளைச்சல் சரியும், அடி அழுகலும் கூடும்.

சரி, ஆரஞ்சாக நிற்கும் காயை என்ன செய்வது? நிறம் லேசாகத் திரும்பியதும் பறித்து, வீட்டுக்குள் இருப்பதிலேயே குளிர்ந்த மூலையில் பரப்பி வையுங்கள். மொட்டை வெயிலில் செடியில் விட்டதைவிட நன்றாகச் சிவக்கும். ஃப்ரிட்ஜில் மட்டும் வைக்காதீர்கள், 12 டிகிரிக்குக் கீழே போனால் நிறமும் வராது, மணமும் போய்விடும்.