காடும் பனிமூட்டமும் மட்டும் மறைத்துவிடுமா? படைகளின் ஒளிப்பு வேலையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போர்க்காலத்தில் படைகள் ஆயுதங்களையும் ஆட்களையும் எதிரியின் தேடலில் இருந்து எப்படித் தப்ப வைக்கின்றன என்று பேச்சு வந்தால், மலையகத்தில் வளர்ந்தவர்கள் பெரும்பாலும் ஒரே பதிலைத்தான் சொல்வார்கள்: "இந்தக் காட்டுக்குள்ளே, இந்தப் பனிக்குள்ளே போயிட்டா யாரு கண்டுபிடிக்கிறது?" வரலாறு படிக்கும் பிள்ளைகளின் கட்டுரைகளிலும் இதே எண்ணம் தலைகாட்டும். கண்டி இராச்சியத்தை மலைகள் காப்பாற்றின என்று ஒரு வரி எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறார்கள். முதல் தவறு இதுதான். அதைத் திருத்த வேறு எங்கும் போக வேண்டியதில்லை, கண்டியின் கதையே போதும்.

1803 பெப்ரவரியில் மக்டோவால் தலைமையில் ஆங்கிலேயப் படை கண்டிக்குள் நுழைந்தபோது நகரம் வெறிச்சோடிக் கிடந்தது. சில இடங்களில் தீயும் வைக்கப்பட்டிருந்தது. கண்டி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் செல்வத்தோடு ஹங்குராங்கெத்தைப் பக்கம் போய்விட்டான். அங்கேயும் துரத்திப் போனார்கள், ஆள் அகப்படவில்லை. காய்ச்சல் படையைத் தின்றது. ஜூன் மாதத்தில், அங்கே எஞ்சியிருந்த ஆங்கிலேயப் படைக்குத் தலைமை தாங்கிய மேஜர் டேவி சரணடைய வேண்டியதாயிற்று. சரி, 12 ஆண்டுகள் கழித்து என்ன நடந்தது? 1815 பெப்ரவரி 18ஆம் திகதி அதே மன்னன் மெதமஹாநுவரவுக்கு அருகே ஒரு வீட்டில் பிடிபட்டான். மலையும் காடும் மாறவில்லை, மனிதர்கள் மாறியிருந்தார்கள். எகலப்பொல போன்ற பிரதானிகள் ஆங்கிலேயர் பக்கம் சாய்ந்துவிட்டார்கள். மன்னனைப் பிடித்தவர்களும் அப்படிச் சாய்ந்த எக்னெலிகொடவின் ஆட்கள்தான். காடு எதிரியைத் தாமதப்படுத்தும். ஆனால் ஊர் வாய்திறந்துவிட்டால் எந்தக் காடும் உதவாது. நிலத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதிவிட்டு அங்கே வாழ்ந்தவர்களை விட்டுவிடும் கட்டுரை பாதிக் கட்டுரைதான்.

அடுத்த தவறு, பொருளை மூடினால் வேலை முடிந்தது என்று நினைப்பது. வான்படங்களைப் படிப்பவர்களின் கண் முதலில் போவது சுற்றியுள்ள தடயங்களுக்கு. சங்கிலிச் சக்கரம் புல்லைக் கிழித்துப் போன கோடு, காலை வெயிலில் நீளமாக விழும் நிழல், மினுக்கென்று தெரியும் கண்ணாடி, ஒரு புதரில் போய் முடிந்துவிடும் ஒற்றையடிப் பாதை. பீரங்கியை வலைபோட்டு எவ்வளவு அழகாக மூடினாலும், அதற்குக் காவல் இருப்பவர்கள் சாப்பிடப் போக, தண்ணீர் எடுக்க என்று தினமும் ஒரே வழியாக நடந்தால் ஒரு வாரத்தில் புல் செத்துப் பாதை விழுந்துவிடும். அந்தப் பாதையே ஆளைக் கூட்டிக்கொண்டு போய் பீரங்கி முன்னால் நிறுத்தும்.

கிளைகளை வெட்டிப் போட்டு மறைப்பதிலும் இதே கோளாறு உண்டு. தேயிலைத் தோட்டத்தில் இருப்பவர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை. எதிர்மலையில் நின்று பார்த்தால் கவ்வாத்து வெட்டிய மலை தனியாகத் தெரியும். வெட்டிய வாது முதல்நாள் பச்சையாகத்தான் கிடக்கும், நல்ல வெயில் விழுந்தால் இரண்டொரு நாளில் பழுப்பாகிவிடும். பீரங்கிமேல் போட்ட கிளைக்கும் அதே கதிதான், தினமும் மாற்றாவிட்டால் பச்சைக் காட்டுக்கு நடுவே பழுப்புத் திட்டாக நிற்கும். இரண்டாம் உலகப் போரிலேயே இதை இன்னும் ஒரு படி மேலே கொண்டுபோய்விட்டார்கள். உயிருள்ள இலை அகச்சிவப்புக் கதிரை நன்றாகத் திருப்பி அனுப்பும், சாதாரணப் பச்சைப் பெயின்ட் அப்படி அனுப்பாது. அதற்கென்றே செய்த படச்சுருளில் எடுத்தால், கண்ணுக்கு ஒரே பச்சையாகத் தெரிந்த இரண்டும் வெவ்வேறு நிறமாகப் பிரிந்துவிடும். நிறம் பொருந்திவிட்டது என்று திருப்திப்பட்ட பலர் அகப்பட்டது இப்படித்தான்.

பழக்கப்பட்ட ஒழுங்கு இன்னொரு காட்டிக்கொடுப்பான். 1962இல் சோவியத் ஒன்றியம் கியூபாவுக்கு ஏவுகணைகளை அனுப்பியபோது, முன்கூட்டிப் போய்ப் பார்த்த மார்ஷல் பிரியூசோவ், பனை மரங்களுக்கு நடுவே அவற்றை மறைத்துவிடலாம் என்று சோவியத் தலைவர் குருஷ்சேவிடம் சொன்னார். ஏவுகணை ஒன்றின் நீளமே ஏறத்தாழ 22 மீற்றர். எந்தப் பனைமரம் அதை மறைக்கும்? கப்பலில் ரகசியமாகக் கொண்டுவந்தவர்கள், தரையில் இறக்கியபின் தங்கள் நாட்டில் அமைப்பது போலவே எல்லாவற்றையும் அமைத்தார்கள். காவலுக்கு வைத்த விமான எதிர்ப்பு ஏவுகணைகள் நட்சத்திர வடிவில் நின்றன. அந்த வடிவத்தை அமெரிக்கர்கள் சோவியத் மண்ணின் படங்களில் ஏற்கனவே பார்த்துப் பழகியவர்கள். ஒக்டோபர் 14ஆம் திகதி அமெரிக்காவின் யு-2 வேவு விமானம் எடுத்த படங்கள் மிச்சத்தைச் சொல்லிவிட்டன.

இந்தத் தவறுகளையெல்லாம் உட்கார்ந்து யோசித்துத் தவிர்த்ததற்கு நல்ல உதாரணம் இந்தியாவின் பொக்ரான். 1995இல் அணுச் சோதனைக்கான ஏற்பாடுகளை அமெரிக்கச் செயற்கைக்கோள்கள் கண்டுபிடித்தன. அமெரிக்கத் தூதர் படங்களோடு வந்து பேச, இந்தியா நிறுத்திக்கொண்டது. ஆனால் அந்தச் சந்திப்பு இந்தியர்களுக்கும் ஒரு பாடமாகிவிட்டது. எந்தத் தடயம் மேலிருந்து தெரிகிறது என்று அவர்கள் புரிந்துகொண்டார்கள். 1998இல் வேலை பெரும்பாலும் இரவில் நடந்தது. விடிவதற்குள் கனரக வாகனங்கள் முந்தைய நாள் நின்ற அதே இடத்துக்குத் திரும்பின, படம் பார்ப்பவருக்கு எதுவுமே அசையவில்லை என்று தோன்றும்படி. தோண்டிய மணலைக் காற்று குவிக்கும் திசையிலேயே குவித்தார்கள். கம்பிகளை மணலாலும் அந்த நிலத்தின் செடிகளாலும் மூடினார்கள். விஞ்ஞானிகள் அப்துல் கலாமும் ஆர். சிதம்பரமும் இராணுவச் சீருடையில், வேறு பெயர்களில் வந்துபோனார்கள். மே 11ஆம் திகதி குண்டு வெடித்த பிறகுதான் வாஷிங்டனுக்குத் தெரியும். இதில் தேடுபவருக்கும் ஒரு எச்சரிக்கை இருக்கிறது: கண்டதை எதிராளியிடம் காட்டினால், எப்படிக் கண்டோம் என்பதையும் சேர்த்தே காட்டுகிறோம்.

போலிகளைப் பற்றி எழுதும்போது பலர் மரத்தில் செய்த போர்த்தாங்கிகள், காற்றடைத்த தாங்கிகள் என்று பொம்மைகளோடு நின்றுவிடுகிறார்கள். பொம்மை செய்வது சுலபம். அதைச் சுற்றி உயிர் இருக்கிறது என்று காட்டுவதுதான் கஷ்டம். 1942இல் எகிப்தின் எல் அலமெய்ன் சண்டைக்கு முன் பிரித்தானியர் செய்ததைப் பாருங்கள். தாங்கிகள் வந்து நிற்க வேண்டிய இடத்தில் முதலில் லொறி போலத் தோன்றும் மூடிகளை வைத்து, ஜேர்மானியர் கண்ணுக்கு அவற்றைப் பழக்கினார்கள். பிறகு இரவோடு இரவாகத் தாங்கிகள் அந்த மூடிகளுக்குள் நுழைந்தன. அவை கிளம்பிவந்த இடத்தில் போலித் தாங்கிகள் நின்றன. வந்த வழியின் சக்கரத் தடங்களும் அழிக்கப்பட்டன. தாக்குதல் தெற்கே வரும் என்று எதிரி நினைக்கும்படி அங்கே காலி பெற்றோல் தகரங்களை வைத்து ஒரு போலித் தண்ணீர்க் குழாய் பதித்தார்கள். தினமும் கொஞ்சத் தூரம், அதுவும் நவம்பருக்கு முன் முடியாத வேகத்தில். தாக்குதல் ஒக்டோபர் 23ஆம் திகதி தொடங்கியபோது ஜேர்மன் தளபதி ரொம்மல் களத்திலேயே இல்லை. எதிரி இடத்தை மட்டுமல்லாமல் நாளையும் தப்பாகக் கணக்குப் போட வேண்டும் என்பதை அந்தக் குழாய் போட்டவர்கள் எவ்வளவு தெளிவாகப் புரிந்துவைத்திருந்தார்கள்!

இதற்கு மறுபக்கமும் உண்டு. 1991 வளைகுடாப் போரில் ஈராக்கின் ஸ்கட் ஏவுகணைகளை ஏவும் நடமாடும் வாகனங்களை நிறைய அழித்துவிட்டதாக விமானிகள் சொன்னார்கள். பிறகு சரிபார்த்தபோது ஒன்றைக்கூட உறுதிப்படுத்த முடியவில்லை. ஆகவே போர்ச் செய்திகளில் "இத்தனை வாகனங்கள் அழிப்பு" என்று வரும் எண்ணிக்கையை அப்படியே பகிராதீர்கள்.

நம் நாட்டுக்கே வருவோம். 1942 ஏப்ரல் 5, உயிர்த்த ஞாயிறு அன்று ஜப்பானியர் கொழும்பைத் தாக்கியபோது பிரித்தானிய அட்மிரல் சொமர்வில்லின் கப்பற்படை அங்கே இல்லை. அது 1,000 கிலோமீற்றருக்கு அப்பால், மாலைதீவின் அட்டு அட்டோலில் ஒரு ரகசியத் துறைமுகத்தைப் பயன்படுத்திக்கொண்டிருந்தது. அப்படியொரு தளம் இருப்பதே ஜப்பானியருக்குத் தெரியாது. கொழும்பின் குதிரைப் பந்தயத் திடல் விமான ஓடுபாதையாக மாறியிருந்ததும் தெரியாது. ஆனால் கொழும்பிலிருந்து கிளம்பி அந்தப் படையோடு சேரப் போன கோர்ன்வோல், டோர்செட்ஷயர் என்ற இரண்டு போர்க்கப்பல்களை ஜப்பானிய வேவு விமானம் கண்டுவிட்டது. அன்று பிற்பகலே இரண்டும் மூழ்கின, 400க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். தளத்தை மறைத்துவிட்டு அதற்குப் போகும் வழியை மறந்துவிடுவது இன்றுவரை திரும்பத் திரும்ப நடக்கும் தவறு.

பேராதனைப் பூங்காவைப் பற்றி ஊரில் சொல்லும் கதையையும் இங்கே சரிசெய்துவிடலாம். பிரித்தானிய அட்மிரல் மவுண்ட்பேட்டன் தன் தென்கிழக்காசியக் கட்டளைத் தலைமையகத்தை 1944 ஏப்ரலில் அங்கே கொண்டுவந்தது உண்மை. பெரிய மரங்கள் அதை மறைத்துக் காப்பாற்றின என்பதுதான் நம்புவதற்கு இல்லை. அத்தனை அதிகாரிகள், வாகனங்கள், வானொலித் தொடர்புகள் உள்ள இடத்தை மரங்களால் மறைக்க முடியாது. ஜப்பானின் விமானந்தாங்கிகள் 1942க்குப் பிறகு இலங்கையைத் தாக்க வரவே இல்லை. அந்தத் தலைமையகத்தைத் தூரம்தான் காத்தது.

பனிமூட்டத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். ராடார் செயற்கைக்கோளுக்கு மேகமும் இருட்டும் ஒரு தடையே அல்ல. ஐரோப்பாவின் சென்டினல்-1 படங்கள் 2014 முதல் யாரும் இலவசமாகப் பார்க்கும்படி கிடைக்கின்றன. நிறுத்திய வாகனத்தின் இயந்திரச் சூட்டையும் வெப்பக் கமெரா கண்டுகொள்ளும்.

கடைசியாக, எனக்கு மிக முக்கியமாகத் தோன்றுவது இது. போரில் எல்லா ஏமாற்றும் ஒன்றுதான் என்று எழுதுவது பெரிய பிழை. ஜெனீவா உடன்படிக்கைகளின் 1977ஆம் ஆண்டு முதலாம் மேலதிக நெறிமுறை, உருமறைப்பையும் போலிகளையும் அனுமதிக்கப்பட்ட தந்திரங்கள் என்றே 37ஆம் உறுப்புரையில் சொல்கிறது. பொதுமகன்போல் நடித்துத் தாக்குவதை அதே உறுப்புரை தடை செய்கிறது. செஞ்சிலுவைச் சின்னத்தைத் தவறாகப் பயன்படுத்துவதற்கும் தடை உண்டு. மக்கள் நெருக்கமாக வாழும் இடங்களுக்குள் படைத்துறை இலக்குகளை வைப்பதைத் தவிர்க்க வேண்டும் என்று 58ஆம் உறுப்புரை கேட்கிறது. வலைக்குக் கீழே பீரங்கியை மறைப்பவர் தன் உயிரைப் பணயம் வைக்கிறார். பாடசாலைக்குப் பின்னால் மறைப்பவர் உள்ளே இருக்கும் பிள்ளைகளின் உயிரைப் பணயம் வைக்கிறார். இரண்டையும் "சாமர்த்தியம்" என்ற ஒரே சொல்லில் அடக்கி எழுதும் கட்டுரையை ஆசிரியர்கள் சிவப்பு மையால் திருத்த வேண்டும்.