நாற்பதைத் தாண்டி லண்டனுக்குக் குடிபெயர்பவர்கள் ஏரியா தேர்வில் செய்யும் தவறுகள்

லண்டனில் வேலை உறுதியானதும் பலரும் முதலில் கேட்பது, "நம்ம ஆளுங்க எங்கே இருக்காங்க?" என்பதுதான். ஈஸ்ட் ஹாம், ஹாரோ, வெம்பிளி, டூட்டிங், குரோய்டன் என்று பதிலும் உடனே வந்துவிடும். கோயிலும் மளிகைக் கடையும் தமிழ்ப் பள்ளியும் புது ஊரில் பெரிய துணைதான். ஆனால் அங்கெல்லாம் வாரம் ஒருமுறை போவீர்கள். ஆபீசுக்கும் பள்ளிக்கும் தினமும் போக வேண்டும். ஈஸ்ட் ஹாமில் குடியிருந்து ஹீத்ரோ பக்கம் வேலைக்குப் போனால் ஒரு வழிக்கே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிடும்.

ரயில் வரைபடத்தைப் பார்த்துத் தூரத்தைக் கணக்கிடாதீர்கள். லண்டன் பொதுப் போக்குவரத்தை நடத்தும் டி.எஃப்.எல். அமைப்பின் இணையதளத்தில் உள்ள பயணத் திட்டமிடலில் "செவ்வாய் காலை 9 மணிக்குள் போய்ச் சேர வேண்டும்" என்று கொடுத்துப் பாருங்கள். படியேறாமல் போகும் வழி என்ற தெரிவையும் சேர்த்துப் போடுங்கள். பாதாள ரயில் நிலையங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கில்தான் தெருவிலிருந்து நடைமேடை வரை படியில்லாத வழி உண்டு. 2022இல் திறந்த எலிசபெத் தடத்தில் எல்லா நிலையங்களிலும் உண்டு. முழங்கால் வலி தொடங்கும் வயதிலும், ஊரிலிருந்து அம்மா அப்பா வந்து தங்கும்போதும் இதன் அருமை தெரியும்.

பெரிய அடி விழுவது பள்ளி விஷயத்தில்தான். நல்ல பள்ளிக்குப் பக்கத்தில் வீடு எடுத்தால் இடம் கிடைத்துவிடும் என்று நம்பி ஒப்பந்தம் போட்டுவிடுகிறார்கள். கல்வியாண்டின் நடுவில் வரும் பிள்ளைக்கு, அந்த வகுப்பில் காலியிடம் இருந்தால்தான் சேர்க்கை. இல்லையென்றால் காத்திருப்புப் பட்டியல். அதில் முந்தி விண்ணப்பித்தவருக்கு முன்னுரிமை கிடையாது. பெரும்பாலான பள்ளிகளில் வீட்டுக்கும் பள்ளிக்கும் உள்ள நேர்கோட்டுத் தூரம் முக்கிய அளவுகோல். உங்களுக்குப் பின்னால் வந்தவர் இன்னும் பக்கத்தில் குடியேறினால் நீங்கள் ஓரிடம் கீழே இறங்குவீர்கள். அதனால் முன்பணம் கட்டுவதற்கு முன்பே கவுன்சிலின் (அந்தப் பகுதியின் உள்ளாட்சி அமைப்பு) சேர்க்கைப் பிரிவுக்கும் பள்ளி அலுவலகத்துக்கும் போன் செய்து, "ஒன்பதாம் ஆண்டில் (இங்கே வகுப்பை 'ஆண்டு' என்பார்கள்) இப்போது இடம் இருக்கிறதா?" என்று நேரடியாகக் கேளுங்கள். 16 வயதில் எழுதும் ஜி.சி.எஸ்.இ. பொதுத் தேர்வுக்கான பாடத்திட்டம் பொதுவாகப் பத்தாம், பதினோராம் ஆண்டுகளில் நடக்கும். பதினோராம் ஆண்டின் நடுவில் பிள்ளையைக் கொண்டுவந்து சேர்ப்பது அதற்குச் செய்யும் கொடுமை. சட்டன், கிங்ஸ்டன் பக்கத்து கிராமர் பள்ளிகளுக்கான (தேர்வு வைத்துப் பிள்ளைகளைச் சேர்க்கும் அரசுப் பள்ளிகள்) நுழைவுத் தேர்வு 11 வயதுச் சேர்க்கைக்கானது. 13 வயதுப் பிள்ளைக்காக அங்கே கூடுதல் வாடகை கொடுத்துப் போவதில் பலன் குறைவு.

ஜூன் மாத வெயிலில் வீடு பார்த்து முடிவெடுப்பது அடுத்த தவறு. டிசம்பரில் மாலை நாலு மணிக்கு முன்பே இருட்டிவிடும். ரயில் நிலையத்திலிருந்து வீடு வரை இருட்டிய பிறகு ஒருமுறை நடந்து பாருங்கள். உள்ளே போனதும் வெளிச்சுவரை ஒட்டிய அலமாரியைச் சற்று நகர்த்திப் பின்பக்கத்தைப் பாருங்கள்: கறுப்புப் புள்ளிகளோ புதுப் பெயின்ட் திட்டோ இருந்தால் அங்கே பூஞ்சை வருகிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

ஹவுன்ஸ்லோ, ரிச்மண்ட் பக்கம் என்றால் விமானச் சத்தத்தையும் கவனிக்க வேண்டும். மேற்குக் காற்று வீசும் நாட்களில் ஹீத்ரோவில் விமானங்கள் இறங்கும் ஓடுபாதை பிற்பகல் 3 மணிக்கு மாறும். அடுத்த வாரம் அந்த வரிசையே தலைகீழாகும். ஒரு நாள் காலையில் அமைதியாக இருந்த வீட்டுக்கு மேலே அடுத்த வாரம் காலையிலிருந்தே விமானம் இரையும். வேறொரு வாரத்தில், வேறொரு நேரத்திலும் போய்ப் பாருங்கள்.

வாடகையை மட்டும் ஒப்பிட்டால், குடியிருப்பவர் உள்ளாட்சிக்குக் கட்டும் கவுன்சில் வரி விட்டுப்போகும். மதிப்பை வைத்து வீடுகளைப் பிரித்திருப்பார்கள்; ஒரே பிரிவு வீட்டுக்கு வாண்ட்ஸ்வொர்த்தில் கட்டுவதைப் போல இரண்டு மடங்குக்கு மேல் ஹாரோவில் கட்ட வேண்டியிருக்கும். ஆண்டு வாடகை 50,000 பவுண்டுக்குக் கீழ் என்றால், டெபாசிட்டாக ஐந்து வார வாடகைக்கு மேல் கேட்கச் சட்டம் இடம் தராது. மாதம் 1,800 பவுண்டு வாடகைக்கு அது சுமார் 2,077 பவுண்டு.

வந்த சூட்டோடு வீடு வாங்குவதுதான் இருப்பதிலேயே விலை கூடிய தவறு. வாங்கும் நாளுக்கு முந்தைய 12 மாதங்களில் 183 நாட்களாவது பிரிட்டனில் இருந்திருக்காவிட்டால் முத்திரை வரி 2% கூடும். சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ உங்கள் பெயரில் 40,000 பவுண்டோ அதற்கு மேலோ மதிப்புள்ள வீடு இருந்தால் அதையும் கணக்கில் எடுப்பார்கள்; அதற்கு இன்னொரு 5%. 5 லட்சம் பவுண்டு வீட்டுக்கு இந்த இரண்டும் மட்டுமே 35,000 பவுண்டு. வாங்கிய பிறகு ஓராண்டுக்குள் 183 நாள் பிரிட்டனில் தங்கினால் அந்த 2% பங்கைத் திரும்பக் கேட்கலாம். 5% பங்கு திரும்ப வர, முன்பு நீங்கள் குடியிருந்த வீட்டையே மூன்று ஆண்டுக்குள் விற்றாக வேண்டும்.