டெர்மினலை மூடினாலும் விண்டோ மூடக்கூடாது

டெர்மினலிலிருந்து விண்டோ உள்ள நிரல்களைத் திறப்பது பற்றி, உபுண்டு, டெபியன் மாதிரியான லினக்ஸில் பாஷ் ஷெல்லை (டெர்மினலில் அடிக்கும் கட்டளைகளை வாங்கி ஓட்டும் நிரல்) வைத்துச் சொல்கிறோம். கட்டளைகளை ஒலிப்படி தமிழில் தந்திருக்கிறோம். டைப் அடிக்கும்போது, தனியாகச் சொன்ன இடம் தவிர, எல்லாமே ஆங்கிலச் சிற்றெழுத்து.

'ஜிம்ப்' என்று அடித்து எண்டர் தட்டினால் ஜிம்ப் என்ற படம் திருத்தும் நிரல் திறக்கும், ப்ராம்ப்ட் (அடுத்த கட்டளையை அடிக்கும் வரி) திரும்பி வராது. அதை மூடும்வரை ஷெல் காத்துக் கிடக்கும். 'ஜிம்ப் &' என்று அடித்தால் [1] 4821 மாதிரி ஒரு வரி வந்து ப்ராம்ப்ட் உடனே கிடைக்கும். அடைப்புக்குள் இருப்பது ஜாப் எண் (இந்த ஷெல் தொடங்கிய வேலைகளில் எத்தனையாவது), பக்கத்தில் இருப்பது பிராசஸ் எண் (ஓடும் நிரலுக்குக் கணினி தரும் எண்).

& போட மறந்துவிட்டால் கன்ட்ரோல்+இசட் அழுத்துங்கள். ஜிம்ப் விண்டோ எந்தக் க்ளிக்குக்கும் அசையாமல் உறைந்து நிற்கும். ஹேங் ஆகிவிட்டது என்று பதற வேண்டாம், நிறுத்திவைத்திருக்கிறது, அவ்வளவுதான். 'பிஜி' என்று அடித்ததும் பின்னணியில் ஓடத் தொடங்கும். கை தவறி கன்ட்ரோல்+சி அழுத்தினால் சேமிக்காத படம் போயே போச்சு.

அதிகம் பேர் மாட்டிக்கொள்வது இதற்கு அப்புறம்தான். & போட்டாலும் நிரல் இன்னும் ஷெல்லின் ஜாப் பட்டியலில்தான் இருக்கிறது. டெர்மினல் விண்டோவை எக்ஸ் பொத்தானால் மூடும்போது ஷெல்லுக்கு சிக்ஹப் என்ற, டெர்மினல் போய்விட்டது என்று சொல்லும் சிக்னல் வரும்; ஷெல் தான் சாகும் முன் அதைத் தன் ஜாப்களுக்கும் அனுப்பிவிடும். ஆனால் 'எக்ஸிட்' என்று அடித்து வெளியேறினால் பாஷ் வழக்கமாக அதை அனுப்பாது. அதனால்தான் ஒரு நாள் ஜிம்ப் பிழைக்கிறது, மறுநாள் காணாமல் போகிறது.

ஏற்கெனவே ஓடுவதைக் காப்பாற்ற 'டிஸ்ஓன்' போதும், பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிடும். புதிதாகத் திறக்கும்போதே 'செட்சிட்' போடுவது இன்னும் நல்லது. செட் செஷன் ஐடி என்பதன் சுருக்கம் அது. நிரலுக்குத் தனி செஷன் கொடுத்து, டெர்மினலிலிருந்து பிரித்துவிடும். சிக்ஹப்பைக் கண்டுகொள்ளாமல் ஓட வைக்கும் 'நோஹப்' பலருக்குப் பழக்கம்தான், ஆனால் நீங்கள் நிற்கும் ஃபோல்டரில் எல்லாம் நோஹப்.அவுட் என்ற கோப்பை விட்டுவிட்டுப் போகும். எங்கள் கை போவது இதற்குத்தான்:

செட்சிட் ஜிம்ப் >/டெவ்/நல் 2>&1 &

2>&1 என்பது பிழைச் செய்திகளையும், வந்ததையெல்லாம் விழுங்கும் /டெவ்/நல்லுக்கே அனுப்புவது; அது /டெவ்/நல்லுக்குப் பின்னால்தான் வர வேண்டும். முன்னால் போட்டால் பிழைச் செய்திகள் டெர்மினலிலேயே கொட்டும், ஏனென்றால் ஷெல் இடமிருந்து வலமாகப் படிக்கிறது. நிரல் திறக்கவே மாட்டேன் என்கிறதா? இந்த வாலையெல்லாம் வெட்டிவிட்டுப் பெயரை மட்டும் அடியுங்கள். காரணம் பெரும்பாலும் அந்தச் செய்திகளில்தான் இருக்கும். 'கமாண்ட் நாட் ஃபவுண்ட்' என்று வந்தால் ஃப்ளாட்பேக்காக (நிரலைத் தனிப் பொட்டலமாக நிறுவும் முறை) நிறுவியிருக்கிறீர்களா என்று பாருங்கள். அப்படியானால் 'ஃப்ளாட்பேக் ரன் ஓஆர்ஜி.ஜிம்ப்.ஜிம்ப்' என்று அடிக்க வேண்டும், கடைசி ஜிம்ப் மட்டும் பெரிய எழுத்தில்.

ஃபயர்ஃபாக்ஸ் ஏற்கெனவே திறந்திருந்தால் கதை வேறு. புதுக் கட்டளை முகவரியைப் பழைய ஃபயர்ஃபாக்ஸிடம் கொடுத்துவிட்டு நொடியில் முடிந்துவிடும். விஎஸ் கோடும் அப்படித்தான். அதை கிட்டில் (கோடின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கருவி) எடிட்டராக வைப்பவர்கள் 'கோட் --வெயிட்' என்றே வைக்க வேண்டும், இல்லையென்றால் நீங்கள் ஓர் எழுத்து தட்டும் முன்பே செய்தி காலி என்று கமிட் (மாற்றத்தைப் பதிவது) நின்றுபோகும்.

எந்த நிரலில் திறப்பது என்று யோசிக்க விருப்பமில்லையா, 'எக்ஸ்டிஜி-ஓப்பன் பில்.பிடிஎஃப்' போதும். ஒரு தடவைக்கு ஒரே கோப்புதான் ஏற்கும்.

எஸ்எஸ்ஹெச் (தொலைவிலிருக்கும் கணினியில் கட்டளை அடிக்க உதவும் நிரல்) வழியாக வேறு கணினிக்குள் போய் இதையெல்லாம் அடித்தால் 'கேனாட் ஓப்பன் டிஸ்ப்ளே' என்று வரும். விண்டோவை எந்தத் திரையில் வரைவது என்று அந்த நிரலுக்குத் தெரியாது. வெளியே வந்து 'எஸ்எஸ்ஹெச் -எக்ஸ்' என்று, எக்ஸை மட்டும் பெரிய எழுத்தாகப் போட்டு மறுபடி நுழையுங்கள். அப்போதும் அதே பிழை என்றால் அந்தப் பக்கத்து எஸ்எஸ்ஹெச்டி (எஸ்எஸ்ஹெச் இணைப்புகளை ஏற்கும் நிரல்) அமைப்புக் கோப்பில் எக்ஸ்11ஃபார்வர்டிங் 'யெஸ்' என்று இருக்கிறதா, திரையில் வரைய அனுமதியைக் கவனிக்கும் எக்ஸ்ஆத் நிறுவியிருக்கிறதா என்று பாருங்கள்.