கிறீச்சிடாத கட்டில்: வீட்டுக் கொட்டிலிலேயே செய்யலாம்

கட்டில் செய்ய நினைக்கிறவர்கள் முதலில் தலைமாட்டுப் பலகையைப் பற்றித்தான் யோசிக்கிறார்கள், என்ன பூ வெட்டலாம், எவ்வளவு உயரம் வைக்கலாம் என்று. அதைப் பிறகு பார்க்கலாம். கட்டிலின் பலம் முழுக்க நான்கு மூலைகளில் இருக்கிறது, பக்கச் சட்டம் காலோடு சேரும் அந்த இடத்தில். அந்த இடம் இறுக்கமாக இருக்க மரம் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். இந்த இரண்டுக்கும் நேரம் செலவழித்தால் மற்றதெல்லாம் ஒரு வார இறுதி வேலைதான்.

நான் முதல் கட்டிலை திருகோணமலைக்குப் பக்கத்தில், உப்புவெளியில், எங்கள் வீட்டுக் கொட்டிலில் அம்மாவுக்காகச் செய்தேன். நல்ல மாரி, கார்த்திகை மாதம். காய்ந்த மரம் என்று சொல்லித் தந்த மகோகனியை நம்பி வாங்கி அடுத்த நாளே அறுக்கத் தொடங்கிவிட்டேன். தை மாதம் வரை ஒரு குறையும் இல்லை. ஆனியில் கச்சான், அதாவது உலர்ந்த தென்மேற்குக் காற்று, அடிக்கத் தொடங்கியதும் மரம் சுருங்கி மூலைகள் எல்லாம் விட்டுக்கொடுத்தன, ஒவ்வொரு அசைவுக்கும் கட்டில் கத்தியது. சத்தத்தில் நாங்கள் எழும்பிவிடுவோம் என்று அம்மா இரவில் புரண்டு படுக்காமலே கிடந்திருக்கிறார், அது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அதனால்தான் மரம் காய்வதைப் பற்றி இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

திருகோணமலையில் ஐப்பசி முதல் மார்கழி வரை காற்றே ஈரம், ஆனி ஆடியில் அதே காற்று உலர்த்தி எடுத்துவிடும். மாசி பங்குனியில் மரத்தை வாங்கி அடுக்கிவிட்டு ஆவணியில் வேலையைத் தொடங்குவதுதான் என் கணக்கு. நிழலில், தரையிலிருந்து அரை அடி உயர்த்தி, பலகைகளுக்கு நடுவே இரண்டடிக்கு ஒன்றாக றீப்பைத் (மெல்லிய மரச்சட்டம்) துண்டுகள் வைத்து அடுக்குங்கள். முனைகளில் பழைய பெயின்ட் பூசினால் வெடிக்காது. காய்ந்ததா என்று பார்க்க ஒரு துண்டை எடுத்து வாரத்துக்கு ஒருமுறை தராசில் நிறுத்து எழுதி வாருங்கள், நிறை குறைவது நின்றுவிட்டால் மரம் தயார். தடித்த கால்கட்டைகள் பலகையைவிட மெதுவாகக் காயும், அவற்றைத் தனியாக நிறுத்துப் பாருங்கள். பழைய வீடு உடைக்கும் இடத்தில் வளை, நிலை மரம் கிடைத்தால் இந்தக் காத்திருப்பு வேண்டாம், அது எப்போதோ காய்ந்துவிட்டது, உள்ளே ஆணி கிடக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

என்ன மரம்? காசு இருந்தால் தேக்கு. வேம்பு மலிவு, பூச்சியும் அவ்வளவாக அண்டாது. மகோகனி உளிக்கு இதமான மரம், காய்ந்தால் குறை சொல்ல ஒன்றுமில்லை. முதிரை அழகு, ஆனால் பாரம், அதன் தூள் சிலருக்குத் தோலை அரிக்கும், முகமூடியோடு முழுக்கைச் சட்டையும் போடுங்கள். பாலை கூரைக்கு நல்லது, வீட்டு உளியால் அதோடு மல்லுக்கட்ட வேண்டாம். எனக்குப் பிடித்தது சவண்டலை, சிங்களத்தில் ஹல்மில்ல. மர வியாபாரத்தில் இதற்கு நம் ஊர்ப் பெயரே உண்டு, ‘திரிங்கோமலி வுட்’. வளைந்து கொடுக்கும், லேசில் முறியாது, குறுக்குப் பலகைக்கு அதைவிடப் பொருத்தமான மரத்தை நான் தொட்டதில்லை. எதை வாங்கினாலும் மரக்காலையில் பற்றுச்சீட்டு கேட்டு வாங்குங்கள், வழியில் மறித்தால் காட்ட வேண்டிவரும்.

சரி, அளவுக்கு வருவோம். 72க்கு 60 அங்குல மெத்தைக்குச் சொல்கிறேன். மெத்தையை முதலில் வாங்கி நீங்களே அளந்து பார்த்த பிறகுதான் வாளைத் தொட வேண்டும். நீளத்திலும் அகலத்திலும் ஒவ்வொரு அங்குலம் கூட்டி உள்ளளவு 73க்கு 61. கால்கள் 3க்கு 3 அங்குலம், தலைமாட்டில் 38 உயரம், கால்மாட்டில் 18. சட்டங்கள் நான்கும் 6 அங்குல அகலம், ஒன்றரை அங்குலத் தடிப்பு. தரையிலிருந்து 8 அங்குலம் விட்டுச் சட்டம் தொடங்கட்டும், தும்புத்தடி உள்ளே போக அது காணும். குறுக்குப் பலகையின் மேல்முகம் 12 அங்குலத்தில் வந்தால் 6 அங்குல மெத்தையோடு 18, வயதானவர்கள் சிரமமில்லாமல் எழும்பும் உயரம்.

தலைமாட்டுச் சட்டமும் கால்மாட்டுச் சட்டமும் காலோடு நிரந்தரமாகச் சேர்பவை. சட்டத்தின் இரண்டு முனையிலும் ஒன்றரை அங்குல நீளம், அரை அங்குலத் தடிப்பில் கழுந்து (காலின் துளைக்குள் நுழையும் ஒடுங்கிய முனை) வெட்டுங்கள், ஆக 64 அங்குலச் சட்டம் வேண்டும். காலில் துளையை முதலில் எடுத்துவிட்டு அதற்கு ஏற்றபடி கழுந்தைச் சீவுங்கள், தலைகீழாகச் செய்தால் பொருந்த வைப்பது பெரும்பாடு. கையால் அழுத்த உள்ளே போக வேண்டும், கொட்டாப்புளியால் ஓங்கி அடிக்க வேண்டிவந்தால் இறுக்கம் கூட, கால் பிளக்கும். சட்டத்தின் உள்முகமும் காலின் உள்முகமும் ஒரே மட்டத்தில் நிற்கட்டும். பசை போட்டு ஒருநாள் இறுக்கி வையுங்கள். தலைமாட்டில் அகலப் பலகை வைப்பதென்றால் அதைப் பள்ளத்துக்குள் செருகி மட்டும் விடுங்கள், பசை வேண்டாம். பலகை நீளவாக்கில் சுருங்காது, அகலவாக்கில்தான் சுருங்கும். அதற்கு அசைய இடம் இல்லாவிட்டால் நடுவே வெடித்துவிடும்.

பக்கச் சட்டங்களுக்குப் பசையே கூடாது, இல்லையென்றால் கட்டில் கதவால் உள்ளே போகாது. இங்கே போல்ட். சட்டத்தின் முனையில் கால் அங்குல நாக்கு விட்டு (மொத்த நீளம் 73½) காலில் அதற்கு ஆழமில்லாத ஒரு குழி எடுங்கள், பாரத்தை நாக்கும் சேர்ந்து தாங்கும். பிறகு இரண்டையும் சேர்த்துப் பிடித்து, காலின் வெளிப்பக்கத்திலிருந்து ஒரு மூலைக்கு இரண்டு துளை, 3 அங்குல இடைவெளியில். 10 மில்லிமீட்டர் தடிப்பு, 6 அங்குல நீள போல்ட் எடுங்கள். துளை உள்ளே ஒட்டிய கழுந்தையும் ஊடறுத்துப் போகும், பயப்பட வேண்டாம், பசை காய்ந்த பிறகு துளைத்தால் சரி. சட்டத்தின் உட்பக்கத்தில் முனையிலிருந்து 2 அங்குலம் தள்ளி நட்டுக்கு ஒரு பொந்து எடுத்து, பெரிய வாஷர் போட்டு இறுக்குங்கள். இந்த உப்புக் காற்றுக்குச் சாதாரண இரும்பு சீக்கிரம் துருப்பிடிக்கும், தேக்கில் கறுப்புக் கறையும் விடும், ஸ்டெயின்லெஸ் இல்லாவிட்டால் துத்தநாகம் பூசியதாவது வாங்குங்கள். ஒவ்வொரு மூலையிலும் சேரும் இரண்டு துண்டிலும் ஒரே இலக்கத்தை உளியால் வெட்டி வையுங்கள், பிரித்துப் பூட்டும்போது மாறிப்போகாது.

இறுக்குமுன் மூலைக்கு மூலை நாடா பிடியுங்கள். உள்ளளவில் இரண்டு பக்கமும் 95 அங்குலத்துக்குக் கொஞ்சம் கூட வரும், முக்கியம் இரண்டும் ஒன்றாக இருப்பதுதான்.

பக்கச் சட்டத்தின் உள்ளே ஒரு றீப்பையைப் பசையோடு திருகாணி போட்டுப் பூட்டி, அதன் மேல் 3 அங்குலப் பலகை பதின்மூன்று, இரண்டரை அங்குலத்துக்குச் சற்றுக் குறைந்த இடைவெளியில். நடுவில் ஒரு சட்டமும் அதன் கீழே ஒரு காலும் கட்டாயம், 61 அங்குலத்தை எந்தப் பலகையும் தனியே தாங்கினால் தொய்யும். முழுப்பலகை அடிப்பதைவிட இது நல்லது, தும்பு மெத்தையானாலும் ரப்பர் மெத்தையானாலும் நம் வெக்கைக்குக் கீழிருந்து காற்று வேண்டும். பலகை றீப்பையில் உட்காரும் இடத்தில் பழைய சைக்கிள் டியூப்பை வெட்டி ஒட்டுங்கள், மரமும் மரமும் உரசினால்தான் சத்தம் வரும்.

அப்புறம் நுளம்பு வலை. பலர் கட்டிலைச் செய்து முடித்துவிட்டுச் சுவரில் ஆணி அடிக்கிறார்கள். கால்களின் தலையில் இப்போதே அரை அங்குலத் துளை 3 அங்குல ஆழத்துக்குப் போட்டுவிட்டால் நான்கு கம்பியைச் செருகி வலையைக் கட்டலாம். வார்னிஷ் அடிக்கும்போது காலின் அடிப்பாகத்தையும் விடாதீர்கள், தண்ணீர் அங்கேதான் ஏறும். கட்டிலைச் சுவரோடு ஒட்டாமல் நாலு விரல் தள்ளிப் போட்டால் கறையான் சுவரால் வந்து ஏறாது.

முதல் கச்சான் முடிந்ததும் எட்டு போல்ட்டையும் ஒரு சுற்று இறுக்கிவிடுங்கள். அம்மாவின் இரண்டாவது கட்டிலில் ஒவ்வொரு ஆவணியும் அதைச் செய்கிறேன், பத்து நிமிட வேலை.