எதிரிகளைக் கையெழுத்துவரை கொண்டுபோவது எப்படி: ரால்ஃப் பஞ்ச் ரோட்ஸ் தீவில் செய்த வேலை

முதலில் மூன்று சொற்களைத் தனித்தனியாகப் பிரித்துக்கொள்ளுங்கள். சண்டை ஓய்வு என்பது துப்பாக்கிகள் சில நாள் அடங்கியிருப்பது. போர்நிறுத்த உடன்படிக்கை என்பது படைகள் எந்தக் கோட்டில் நிற்க வேண்டும், யார் கண்காணிப்பது என்பதை எழுதிக் கையெழுத்திடுவது. சமாதான ஒப்பந்தம் என்பது நிலம், எல்லை, அகதிகள், அங்கீகாரம் எல்லாவற்றையும் தீர்த்து முடிப்பது. இந்த மூன்றையும் ஒரே மேசையில் போட்டுக் குழப்பியதால் கெட்டுப்போன பேச்சுவார்த்தைகள் பல. 1949இல் இஸ்ரேலுக்கும் அரபு நாடுகளுக்கும் நடுவே மத்தியஸ்தம் செய்த அமெரிக்கரான ஐ.நா. அதிகாரி ரால்ஃப் பஞ்ச், நடுவில் உள்ளதை மட்டும் எடுத்துக்கொண்டார். அதனால்தான் அவரால் முடிக்க முடிந்தது.

பின்னணி சுருக்கமாக. 1948 அரபு-இஸ்ரேல் போரில் ஐ.நா. அனுப்பிய மத்தியஸ்தர் ஸ்வீடனைச் சேர்ந்த ஃபோல்க் பெர்னடோட். போர் ஓயும் முன்பே எந்த நிலம் யாருக்கு என்று அவர் யோசனைகளை முன்வைத்தார். இரு தரப்பும் அவற்றை ஏற்கவில்லை. 1948 செப்டம்பர் 17 அன்று ஜெருசலேமில் லெஹி என்ற யூதத் தீவிரவாதக் குழு அவரைச் சுட்டுக்கொன்றது. அவருக்கு உதவியாக இருந்த பஞ்ச், வழியில் தாமதமானதால் அவர் சென்ற காரில் இல்லை. தற்காலிக மத்தியஸ்தர் பொறுப்பு பஞ்சின் தலையில் விழுந்தது.

ஆணையைக் கையில் வாங்குங்கள்

அதிகாரம் எந்தத் தாளில் இருக்கிறது என்று தெரியாமல் விமானம் ஏறக் கூடாது. பஞ்ச் கையில் இருந்தது பாதுகாப்பு அவையின் 62ஆம் தீர்மானம், 1948 நவம்பர் 16. போர்நிறுத்தக் கோடுகளை வரைந்து உடன்படிக்கை செய்துகொள்ளுங்கள் என்று அது இரு தரப்பையும் கேட்டது. இதில் ஒரு வசதி உண்டு. உள்நாட்டில் "எதிரியோடு ஏன் பேசினாய்" என்ற கேள்வி எழுந்தால், "பாதுகாப்பு அவை கேட்டது, போனோம்" என்று சொல்லிக்கொள்ளலாம். முகம் காப்பாற்றிக்கொள்ள இரு தரப்புக்கும் ஒரு குடை வேண்டும். நல்ல ஆணை அந்தக் குடை.

ஒவ்வொரு ஜோடியாகக் கூப்பிடுங்கள்

அரபு நாடுகளை ஒரே கட்டாக உட்கார வைத்தால், எந்தத் தூதரும் பக்கத்து நாற்காலிக்காரரைவிட இளகியவராகத் தெரிய விரும்பமாட்டார். பஞ்ச் எகிப்தை முதலில் தனியாக அழைத்தார். அரபு நாடுகளில் பெரியது அதுதான். அது கையெழுத்திட்டால் மற்றவர்களுக்குத் துணிச்சல் வரும். வரிசை அப்படியே நடந்தது: எகிப்து பிப்ரவரி 24, லெபனான் மார்ச் 23, ஜோர்டான் ஏப்ரல் 3, சிரியா ஜூலை 20. அதே ஆண்டு சுவிட்சர்லாந்தின் லோசானில் ஐ.நா. சமரச ஆணையம் அரபுத் தரப்பை ஒரே குழுவாக நடத்தியது. அங்கே சமாதானம் எதுவும் பிறக்கவில்லை. லோசானில் கையில் எடுத்த பிரச்சினைகளும் இன்னும் கடினமானவை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இடமும் ஆட்களும்

ரோட்ஸ் ஒரு கிரேக்கத் தீவு. இரு தலைநகரங்களிலிருந்தும் விமானத்தில் போய்வரும் தூரம். ஆனால் அரசியல்வாதி எட்டிப்பார்க்கும் தூரமல்ல. இரு குழுவையும் ஒரே ஓட்டலில் தங்க வைத்தார்கள். கூட்டத்தில் பேசாதவர்கள்கூட மாடிப்படியிலும் சாப்பாட்டு அறையிலும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தாக வேண்டும். இடம் தேடும்போது பார்க்க வேண்டியவை இவை: தனித்தனித் தங்கும் பகுதி, நடுவில் மத்தியஸ்தரின் அறை, இரு தரப்புக்கும் தலைநகரோடு தனித் தகவல் தொடர்பு, பத்திரிகையாளர் நுழையாத ஒரு கூடம்.

ஆட்களில் கவனிக்க வேண்டியது, கையெழுத்திடும் அதிகாரமும் வரைபடம் படிக்கும் அறிவும் ஒரே குழுவில் இருக்கிறதா என்பது. இஸ்ரேல் தரப்பில் வெளியுறவு அமைச்சகத்தின் வால்டர் எய்டனோடு ராணுவத்தின் யிகாயெல் யாதினும் வந்தார். எகிப்துக் குழுவின் தலைவரே ஒரு கர்னல். வெறும் தூதர்கள் மட்டும் வந்தால் ஒவ்வொரு குன்றுக்கும் தந்தி அடித்துக் காத்திருக்க வேண்டிவரும். முதல் நாளே அதிகாரப் பத்திரங்களைச் சரிபாருங்கள். கடைசி இரவில் "எனக்கு அதிகாரமில்லை" என்று ஒருவர் கைவிரித்தால் அத்தனை வார உழைப்பும் வீண்.

முதல் கையெழுத்தைச் சின்ன விஷயத்தில் வாங்குங்கள்

ரோட்ஸில் கற்றுக்கொள்ள வேண்டியதில் இதற்குத்தான் முதலிடம். இரு தரப்பும் நேராகப் பேச மறுத்தால் தனித்தனியாகச் சந்தியுங்கள். பிறகு யாரும் மறுக்க முடியாத ஒன்றுக்காகக் கூட்டுங்கள். பஞ்ச் எடுத்துக்கொண்டது நிகழ்ச்சி நிரல். எதைப் பேசுவது, எந்த வரிசையில் என்ற அந்தத் தாளில் இரு குழுவையும் ஒப்பமிட வைத்தார். நிரலில் ஆபத்தாக எதுவுமில்லை. ஆனால் ஒரே அறையில் உட்கார்ந்தாயிற்று, ஒரே தாளில் பேனா வைத்தாயிற்று. கைக்கு அந்தப் பழக்கம் வந்துவிட்டால் அடுத்த தாள் அவ்வளவு கனக்காது.

அதன்பின் வரைவு ஒன்றாகவே இருக்கட்டும். அது மத்தியஸ்தரின் கையில் இருக்கட்டும். இரு தரப்பும் ஆளுக்கொரு வரைவு கொண்டுவந்தால் ஒவ்வொரு விட்டுக்கொடுப்பும் தோல்வியாகத் தெரியும். உங்கள் வரைவைக் கொடுத்து "எந்த வரி உறுத்துகிறது?" என்று கேளுங்கள். திருத்தி, மறுபக்கம் எடுத்துப்போங்கள். எதிரெதிர் நியாயங்களை நேர்மையாக எழுதும் பயிற்சி இதற்குத் தேவை. 1947இல் பாலஸ்தீனம் பற்றிய ஐ.நா. சிறப்புக் குழு இரண்டாகப் பிளந்தபோது, பெரும்பான்மை அறிக்கை, சிறுபான்மை அறிக்கை இரண்டின் வரைவிலும் பஞ்சின் கை இருந்தது.

சொல்லில் இடம் விடுங்கள், கோட்டில் விடாதீர்கள்

எல்லை என்ற சொல்லை எழுதியிருந்தால் ரோட்ஸ் அன்றே கலைந்திருக்கும். எகிப்து உடன்படிக்கையின் 5ஆம் பிரிவு, இந்தப் போர்நிறுத்தக் கோட்டை அரசியல் எல்லையாகவோ நில எல்லையாகவோ கொள்ளக் கூடாது, யாருடைய உரிமைக்கும் கோரிக்கைக்கும் இதனால் பங்கமில்லை என்று சொல்கிறது. இரு தரப்பும் ஊருக்குத் திரும்பி "நாங்கள் எதையும் விட்டுக்கொடுக்கவில்லை" என்று சொல்ல அந்த வாக்கியம் போதும்.

வரைபடத்தில் மட்டும் இந்தத் தாராளம் கூடாது. 1948 நவம்பர் இறுதியில் ஜெருசலேமில் இஸ்ரேல் படைத் தளபதி மோஷே தயானும் ஜோர்டான் படைத் தளபதி அப்துல்லா அல்-தல்லும் 1:20,000 அளவு வரைபடத்தில் தடித்த மெழுகுப் பென்சிலால் தத்தம் கோட்டை வரைந்தார்கள். கோட்டின் தடிமன் 3 முதல் 4 மி.மீ. கணக்குப் போட்டுப் பாருங்கள்: தரையில் அது 60 முதல் 80 மீட்டர். வீடுகளும் தெருக்களும் கோட்டுக்கு அடியிலேயே போயின; கோட்டின் அகலம் யாருக்கு என்ற தகராறு தொடர்ந்தது. எனவே கூர்மையான பென்சில், முடிந்தவரை பெரிய அளவு வரைபடம், கோடு மாறும் ஒவ்வொரு புள்ளிக்கும் ஆயத்தொலை எண். கோடும் எழுத்தும் முரண்பட்டால் எது செல்லும் என்பதையும் ஒரு வரியில் எழுதிவையுங்கள்.

முடிச்சு விழுந்தால்

எகிப்துப் பேச்சின் கடினமான முடிச்சு, பாலஸ்தீனத்தின் தெற்கில் இருந்த ஃபலூஜா என்ற ஊர். அங்கே ஏறத்தாழ 4,000 எகிப்து வீரர்கள் முற்றுகையில் சிக்கியிருந்தார்கள். பின்னாளில் எகிப்தின் அதிபரான நாசர் அவர்களில் ஒருவர். சரணடைதல் என்ற சொல்லை எகிப்து ஏற்காது. சும்மா விட இஸ்ரேலுக்கு மனமில்லை. "விலகல்" என்ற சொல் வழிவிட்டது. ஐ.நா. மேற்பார்வையில், கிரீனிச் நேரப்படி காலை 5 மணிக்குத் தொடங்க வேண்டும் என்பதுவரை ஒப்பந்தத்தில் எழுதினார்கள். மானம் சம்பந்தப்பட்ட விஷயத்தைக் கால அட்டவணையாக மாற்றினால் பாதி சூடு தணியும்.

இருவரும் விடாத இன்னோர் இடம், எகிப்து எல்லையருகே உள்ள எல் அவ்ஜா என்ற ஊர். இருவர் படையும் அங்கே இருக்கக் கூடாது என்று ஆக்கினார்கள்.

இறுக்கம் தளர்த்தவும் வழி வேண்டும். பஞ்ச் ரோட்ஸ் மண்பாண்டக் கலைஞர்களிடம் நினைவுத் தட்டுகள் செய்யச் சொல்லி, உடன்பட்டால் ஆளுக்கொன்று பரிசு, இல்லாவிட்டால் தலையில் உடைப்பேன் என்று விளையாட்டாக மிரட்டினார். இது எல்லோருக்கும் கைவராது. நள்ளிரவு தாண்டியும் இரு தரப்பின் தாளோடும் உட்கார்ந்திருக்கும் ஆள் சொன்னால்தான் சிரிப்பார்கள்.

கையெழுத்துக்கு மறுநாள் யார்?

கண்காணிப்பு ஏற்பாடு இல்லாத உடன்படிக்கை வாரக்கணக்கில்கூடத் தாங்காது. எகிப்து-இஸ்ரேல் கூட்டுப் போர்நிறுத்த ஆணையத்தில் 7 பேர்: பக்கத்துக்கு மூவர், தலைமைக்கு ஐ.நா. அதிகாரி. ஒற்றைப்படை எண் வேண்டும் என்பது அடிப்படை. கூடவே ஒரு குறையும் தெரிகிறது: ஒவ்வொரு புகாரிலும் ஐ.நா. அதிகாரியின் வாக்குதான் தீர்மானிக்கும். சீக்கிரமே இரு தரப்பும் அவரைத் திட்டும்.

சொல்லில் விட்ட இடம் கடன் போன்றது, வட்டி ஏறும். சிரியா உடன்படிக்கையில் படையற்ற பகுதி யாருடைய ஆளுகை என்பதைத் தெளிவாகச் சொல்லாமல்தான் கையெழுத்து வாங்க முடிந்தது. அந்தப் பகுதியில் உழவு டிராக்டர் இறங்கினாலே துப்பாக்கி வெடிக்கும் நிலை 1967வரை நீடித்தது. எல் அவ்ஜாவிலும் 1950களின் நடுவில் படைகள் நுழைந்தன. மங்கலான சொல்லை எழுதும்போதே அதை எப்போது, எந்த மன்றத்தில் தெளிவாக்குவது என்று தேதியோடு எழுதுங்கள். 1949இன் பெரிய ஓட்டை இதுதான் என்பது எங்கள் கணிப்பு.

இந்த வேலைக்கு வர

பஞ்ச் பிறந்தது டெட்ராய்ட்டில். வளர்ந்தது லாஸ் ஏஞ்சலீஸில், பாட்டியிடம். ஹார்வர்டில் 1934இல் அரசியல் அறிவியல் முனைவர் பட்டம். ஆய்வு மேற்கு ஆப்பிரிக்காவின் பிரெஞ்சு நிர்வாகம் பற்றியது. மக்களை ஆள்வது தரையில் எப்படி நடக்கிறது என்று ஊர் ஊராகப் பார்த்த அந்தப் படிப்புதான் அவர் முதலீடு. 1949இல் அமெரிக்க வெளியுறவுத் துறையின் உதவிச் செயலர் பதவி தேடிவந்தது. கறுப்பினத்தவர் வாஷிங்டனில் நிறப் பாகுபாட்டோடு வாழ வேண்டியிருந்த நிலையைக் காட்டி மறுத்தார். 1950இல் நோபல் அமைதிப் பரிசு. அதைப் பெற்ற முதல் கறுப்பினத்தவர் அவர்.

இன்றைக்கு ஐ.நா.வில் நுழைய இளம் வல்லுநர் தேர்வு ஒரு வாசல்: வயது 32ஐத் தாண்டக் கூடாது, பட்டம் வேண்டும், ஆங்கிலமோ பிரெஞ்சோ சரளமாக வேண்டும், அந்த ஆண்டு அழைக்கப்படும் நாடுகளில் உங்கள் நாடு இருக்க வேண்டும். நேராக மத்தியஸ்தர் ஆக முடியாது. கள அலுவலகங்களில் ஆண்டுக்கணக்கில் கூட்டக் குறிப்பு எழுதித்தான் வரைவு எழுதும் கை பழகும். அனுபவம் முதிர்ந்தவர்களுக்கு 2008இல் தொடங்கிய மத்தியஸ்த ஆலோசகர்களின் தயார்நிலைக் குழு இருக்கிறது. அழைப்பு வந்தால் 72 மணி நேரத்தில் களத்துக்குக் கிளம்பத் தயாராக இருக்க வேண்டிய வேலை அது. பெட்டியில் துணியோடு அந்த நாட்டின் பழைய உடன்படிக்கைகளின் முழு நகலும் இருக்கட்டும்.